வயிறு அடங்கியது, புண் ஆறியதா? குடல் அழற்சி நோயில் புண் ஆற்றும் முழுமையான வழிகாட்டி

இரத்தம் நின்றுவிட்டது. நாளுக்கு எட்டு முறை போனது இரண்டு முறையாகிவிட்டது. சாப்பாடும் இறங்குகிறது. மாத்திரையை நிறுத்துகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் நிறுத்துகிறார்கள். அன்றைக்கே குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தால் பலருக்குப் புண் அப்படியே இருக்கும். பிரெஞ்சு மருத்துவர்கள் 1990-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை எடுத்துக்கொண்ட கிரோன்ஸ் நோயாளிகளில் 92 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் அடங்கின. அப்படி அடங்கியவர்களில் குடலிலும் புண் ஆறியிருந்தவர்கள் 29 சதவீதம்தான். வலி நின்ற தேதி வேறு, புண் ஆறிய தேதி வேறு. இரண்டுக்கும் நடுவே உள்ள மாதங்களில் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பதற்கே இந்த வழிகாட்டி.

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், கிரோன்ஸ் என்ற இரண்டையும் சேர்த்தே குடல் அழற்சி நோய் என்கிறோம். கொலைட்டிஸ் பெருங்குடலோடு நிற்கும். மலக்குடலில் தொடங்கி மேல்நோக்கி இடைவெளி விடாமல் பரவும், பெரும்பாலும் உள்தோலோடு நின்றுவிடும். கிரோன்ஸ் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரும், நடுநடுவே நல்ல குடலை விட்டுவிட்டுத் தாக்கும், குடல் சுவரின் முழுத் தடிமனையும் துளைக்கும். புண் ஆறும் விதமும் இதனாலேயே இரண்டிலும் வேறுபடுகிறது. கீழே வரும் மருந்து அளவுகள் பெரியவர்களுக்கு வழக்கமாக எழுதப்படுபவை. உங்கள் சீட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே செல்லும்.

புண் ஆறும்போது உள்ளே நடப்பது

குடலின் உள்தோல் ஒரே ஒரு செல் தடிமன்தான். 3 முதல் 5 நாளுக்கு ஒருமுறை அது முழுக்கப் புதிதாகிவிடும். இத்தனை வேகமாகப் புதுப்பிக்கும் உறுப்பில் புண் ஏன் மாதக்கணக்கில் நிற்கிறது என்று கேட்கத் தோன்றும். அழற்சி அணையாமல் இருப்பதே காரணம். கட்டக் கட்ட இடிக்கிற ஆள் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறான்.

ஆறும் வேலை மூன்று கட்டமாக நடக்கிறது. தோல் உரிந்த சில நிமிடங்களிலேயே ஓரத்துச் செல்கள் நகரத் தொடங்கும். தூண்போல் நிமிர்ந்து நிற்கும் அவை தட்டையாகி, பாதம்போல் ஒரு விளிம்பை நீட்டி, வெறும் இடத்தின் மேல் ஊர்ந்துபோய் மூடும். இதில் புதிதாக ஒரு செல்கூடப் பிறப்பதில்லை. இருக்கிறவர்களே கொஞ்சம் பரந்து நின்று இடத்தை அடைக்கிறார்கள். மேலோட்டமான கீறலுக்கு இது போதும், சில மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

அதற்கு மேற்பட்ட புண்ணுக்குப் புதிய செல்கள் வேண்டும். உள்தோலில் லட்சக்கணக்கில் உள்ள நுண்ணிய குழிகளின் அடியில் தண்டுச் செல்கள் இருக்கின்றன. நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸின் குழு 2007-ல் இவற்றை அடையாளம் காட்டியது. இவை பிரிந்து பெருகி மேலே தள்ளும். கடைசியாக, வந்த செல்கள் முதிர வேண்டும்: சில சளி சுரக்கும் கோப்பைச் செல்களாகும், மற்றவை பக்கத்துச் செல்லோடு இறுக்கமாகப் பிணைந்து சுவராகும். இந்தப் பிணைப்பு முடியும்வரை மேலே தோல் வந்ததுபோலத் தெரிந்தாலும் கிருமியும் அதன் கழிவும் கசிந்துகொண்டே இருக்கும்.

ஆழமான புண் என்றால் அடியில் நார்த்திசு செல்கள் வந்து கொலாஜனை நெய்யும், புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கும். அளவோடு நின்றால் தழும்பு. நிற்காமல் போனால் குடல் தடித்துக் குறுகிவிடும். கிரோன்ஸில் வரும் அடைப்புகளில் பல இப்படி அளவு மீறிப்போன பழுதுபார்ப்புதான். தழும்பை மருந்தால் கரைக்க முடியாது. பலூன் வைத்து விரிக்கலாம், அல்லது வெட்டி எடுக்கலாம். புண்ணைச் சீக்கிரம் ஆற்றச் சொல்வதற்கு இதுவே பெரிய காரணம்.

பல ஆண்டு கழித்துத் திசுச் சோதனை எடுத்தாலும் பழைய புண் தன் அடையாளத்தைக் காட்டிக்கொடுக்கும். நேராக நிற்க வேண்டிய குழிகள் கவட்டைபோல் இரண்டாகப் பிரிந்திருக்கும். கொலனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சோதனை) அறிக்கையில் 'சூடோபாலிப்' என்று கண்டு பதறுகிறவர்கள் உண்டு. சுற்றிலும் புண்ணாகி ஆறிய இடத்தில் மேடாக எஞ்சிய திட்டு அது. புற்றுநோய்க் கட்டி அல்ல.

முதல் படி: இது இந்த நோய்தானா?

மலத்தில் இரத்தம் என்றாலே நம் ஊரில் மூலம் என்று முடிவு கட்டி, களிம்பு வாங்கி ஓராண்டு ஓட்டுகிறவர்கள் நிறைய. இரத்தத்தோடு சளியும் அவசரமும் சேர்ந்தால், இரவில் தூக்கத்திலிருந்து எழுந்து ஓட வேண்டியிருந்தால், அது மூலமாக இருக்க வாய்ப்புக் குறைவு.

இந்தியாவிலும் இலங்கையிலும் இன்னொரு சிக்கல் குடல் காசநோய். கிரோன்ஸ் விரும்பி உட்காரும் அதே இடத்தில், சிறுகுடலின் கடைக்கோடியில், அதேபோன்ற புண்ணை உண்டாக்கும். திசுச் சோதனையும் காசநோய்க் கிருமியின் ஜீனைத் தேடும் சோதனையும் பல நேரம் கைவிரிக்கும். அப்போது காசநோய் மருந்தைக் கொடுத்து, இரண்டு மாதம் கழித்து மறுபடி கொலனோஸ்கோபி செய்கிறார்கள். காசநோயென்றால் புண் அதற்குள் நன்றாக ஆறியிருக்கும். ஆறவில்லை என்றால் சந்தேகம் கிரோன்ஸ் பக்கம் சாயும். இங்கே புண் ஆறுவதே நோயைக் கண்டுபிடிக்கும் சோதனையாகிறது. காய்ச்சல் விட்டது, எடை ஏறியது என்பதை மட்டும் வைத்து அந்த இரண்டாவது கொலனோஸ்கோபியைத் தவிர்த்துவிடாதீர்கள்.

ஏற்கெனவே நோய் உறுதியானவர்களுக்குத் திடீரென்று கூடினாலும் முதலில் மலத்தில் தொற்று, குறிப்பாக கிளாஸ்ட்ரிடியாய்டஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியா, இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொற்றின் மேல் ஸ்டீராய்டைக் கூட்டினால் நிலைமை மோசமாகும்.

இரண்டாம் படி: இடிக்கிறவனை நிறுத்துவது

லேசான, நடுத்தரக் கொலைட்டிஸுக்கு மெசலமின் என்ற அழற்சி அடக்கும் மருந்து. வாய்வழி நாளுக்கு 2.4 முதல் 4.8 கிராம் வரை. ஒரே வேளையில் எடுத்தாலும் பிரித்து எடுப்பதற்குச் சமமான பலன் உண்டு, மறக்கவும் வாய்ப்புக் குறைவு. மாத்திரையை உடைக்கவோ மெல்லவோ கூடாது. பெருங்குடலுக்கு அருகே போய்க் கரையும்படி அதற்கு உறை போட்டிருக்கிறார்கள். மலத்தில் வெற்று உறை வருவது சகஜம், முழு மாத்திரையாக வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அரிதாகச் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் கிரியாட்டினின் சோதனையைத் தவற விடக் கூடாது.

பலர் ஒதுக்கும் மருந்து எனிமா, அதாவது ஆசனவாய் வழியே செலுத்தும் மருந்து. கூச்சம்தான் காரணம். ஆனால் மலக்குடல், இடப்பக்கப் பெருங்குடல் புண்ணுக்கு மாத்திரையை மட்டும் விழுங்குவதைவிட இரண்டையும் சேர்த்தால் கூடுதலாக ஆறும். மருந்து நேரே புண்ணின் மேல் படுகிறது. எது எதுவரை போகும் என்று தெரிந்துகொள்ளுங்கள்: ஆசனவாய்க்குள் வைக்கும் மாத்திரையான சப்போசிட்டரி மலக்குடல் வரை, நுரை அதற்கு மேலே சிக்மாய்டு என்ற வளைந்த பகுதி வரை, திரவ எனிமா இடப்பக்க விலா ஓரத்து வளைவு வரை. புண் எங்கே இருக்கிறது என்று உங்கள் அறிக்கையில் பார்த்து, கொடுத்த மருந்து அங்கே எட்டுமா என்று கேளுங்கள்.

எனிமா போடும் முறை: படுக்கப்போகும் முன் கழிவறைக்குப் போய்வந்துவிடுங்கள். மெசலமின் படிந்த துணியில் பழுப்புக் கறை போகாது. பழைய துண்டு ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் நிற்கவையுங்கள். குளிர்ந்த மருந்து உள்ளே போனதும் குடல் இறுகி வெளியே தள்ளிவிடும், முதல்நாளே கைவிடுகிறவர்களில் பலருக்கு நேர்வது இதுதான். அடியில் மருந்து படிந்திருக்கும், நன்றாகக் குலுக்குங்கள். இடப்பக்கமாகப் படுத்து இடக்காலை நீட்டி, வலமுழங்காலை மார்பை நோக்கி மடக்குங்கள். முனையில் வழவழப்பான ஜெல் தடவி, தொப்புளை நோக்கிச் சற்றுச் சாய்த்து மெதுவாகச் செருகுங்கள், தடுத்தால் அழுத்தாதீர்கள். பாட்டிலை ஒரே பிடியாகப் பிதுக்காமல் நிதானமாக அமுக்கி, அமுக்கிய பிடியை விடாமலே வெளியே எடுங்கள். விட்டால் மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். அதே பக்கமாக அரைமணி நேரம் படுத்திருங்கள். இரவு முழுக்கத் தங்கினால் நல்லது.

புண் தீவிரமாக இருக்கும்போது குடல் எதையும் தாங்காது. அப்படியானால் ஒரு வாரம் சப்போசிட்டரியில் தொடங்கி எனிமாவுக்குப் போகலாமா, பாதி அளவு போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பத்து நாளில் இரத்தம் நின்றதும் எனிமாவை நிறுத்துவது இன்னொரு வழக்கமான தவறு. உள்தோல் முதிர வாரங்கள் ஆகும், எழுதிய நாட்களை முடியுங்கள்.

ஸ்டீராய்டு தீயணைப்பு வண்டி. தீயை அணைக்கும், வீடு கட்டித் தராது. செல்கள் ஊர்வதையும் கொலாஜன் நெய்வதையும் அது மந்தப்படுத்துகிறது. ப்ரெட்னிசலோன் பொதுவாக நாளுக்கு 40 மில்லிகிராமில் தொடங்கி வாரத்துக்கு 5 மில்லிகிராம் வீதம் எட்டு வாரத்தில் முடியும். சட்டென்று நிறுத்தினால் அட்ரினல் சுரப்பி கைகொடுக்காமல் மயக்கம் வரலாம். முடித்த சில வாரங்களில் நோய் திரும்புகிறது, அல்லது அளவைக் குறைக்கவே முடியவில்லை என்றால், அடுத்த மருந்துக்குப் போக வேண்டிய நேரம் அது. பழைய சீட்டைக் காட்டிக் கடையில் மறுபடி வாங்கிப் போட்டுக்கொள்வது எலும்பையும் சர்க்கரையையும் கெடுக்கும், புண்ணும் ஆறாது.

எதிர்ப்பாற்றலை அடக்கும் அசதியோபிரின் மெதுவான மருந்து. நாளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 2 முதல் 2.5 மில்லிகிராம், பலன் தெரிய மூன்று மாதமாகும். தெற்காசியர்களில் சிலருக்கு என்யுடிடி15 என்ற ஜீன் மாறியிருக்கும். அவர்களுக்கு வழக்கமான அளவே வெள்ளணுக்களைச் சரித்துவிடும். முடிந்தால் ஜீன் சோதனை செய்துகொள்ளுங்கள். முடியாவிட்டால் குறைந்த அளவில் தொடங்கி, முதல் மாதம் வாரம் ஒருமுறை இரத்த அணுக்களை எண்ணிப் பாருங்கள். தொடங்கிய சில வாரங்களில் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டினால் எச்சரிக்கை மணி. அன்றே இரத்தம் சோதிக்க வேண்டும்.

அடுத்து உயிரியல் மருந்துகள், அதாவது அழற்சியின் ஒரு கண்ணியைக் குறிவைத்துத் தடுக்கும் புரத மருந்துகள். இன்ஃப்லிக்சிமாப் கிலோவுக்கு 5 மில்லிகிராம், 0, 2, 6-ஆம் வாரங்களில், பிறகு எட்டு வாரத்துக்கு ஒருமுறை. கிரோன்ஸ் நோயாளிகளிடம் 2010-ல் வெளியான சோனிக் ஆய்வில், 26-ஆம் வாரத்தில் புண் ஆறியவர்கள் அசதியோபிரின் மட்டும் எடுத்தோரில் சுமார் 17 சதவீதம், இன்ஃப்லிக்சிமாப் மட்டும் எடுத்தோரில் 30, இரண்டும் சேர்த்தோரில் 44. தொடங்கும் முன் மார்பு எக்ஸ்ரே, உறங்கும் காசநோயைத் தேடும் ஐஜிஆர்ஏ அல்லது மாண்டூ சோதனை, ஹெபடைடிஸ் பி சோதனை கட்டாயம். உறங்கும் காசநோயை இந்த மருந்து எழுப்பிவிடும். பணம் புரளவில்லை என்று ஒரு தவணை விட்டு அடுத்த தவணை போட்டுக்கொள்வதால் வரும் கேடு பெரிது: உடல் அந்த மருந்துக்கு எதிர்ப்புப் புரதம் உண்டாக்கிக்கொள்ளும், அதன்பின் போட்டாலும் வேலை செய்யாது. முழுச் செலவையும் முதலிலேயே மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். விலை குறைந்த உயிரியொப்பு மருந்துகள் இங்கேயே கிடைக்கின்றன.

வெடோலிசுமாப், உஸ்டெகினுமாப், டோஃபாசிடினிப் என்று மேலும் சில உண்டு. எதை யாருக்கு என்பது நோயின் இடம், வயது, கர்ப்பத் திட்டம், பிற நோய்களைப் பொறுத்தது.

மூன்றாம் படி: கட்ட மணலும் சிமெண்டும்

வயிறு சரியில்லை என்றால் கஞ்சியும் ரசமும் என்பது நம் வழக்கம். இரண்டு நாளைக்குச் சரி. 50 கிராம் அரிசியில் காய்ச்சிய கஞ்சியில் புரதம் ஏறத்தாழ 4 கிராம். நோய் தீவிரமாக உள்ளவருக்குத் தேவை உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம், 60 கிலோ எடையுள்ளவருக்கு 72 முதல் 90 கிராம். கஞ்சியில் இதை எட்டவே முடியாது. ஒரு முட்டை 6 கிராம், 100 கிராம் மீன் சுமார் 20, ஒரு கிண்ணம் தயிர் 6 அல்லது 7, 50 கிராம் பருப்பு 11 அல்லது 12. தோல் நீக்கிய பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, ஆவியில் வேகவைத்த மீனோ முட்டையோ சேர்த்தால் கணக்கு நெருங்கும். பால் ஒத்துக்கொள்ளாதவர் பாலை விடலாம், எல்லோரும் விட வேண்டியதில்லை. பத்தியம் என்ற பெயரில் ஒவ்வொன்றாக விலக்கி எட்டுக் கிலோ இளைத்து வருகிறவரின் புண் ஆறப் பொருள் எங்கிருந்து வரும்?

நார்ச்சத்தைப் பற்றிய பயமும் அளவு மீறியது. குடல் குறுகியிருப்பவர்கள் மட்டும் முருங்கைச் சக்கை, வாழைத்தண்டு, கீரைத்தண்டு, சோளம், ஆரஞ்சுச் சுளைத்தோல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். அடைப்பு இல்லாதவர் நோய் அடங்கியபின் சிறுகச் சிறுகச் சேர்க்கலாம். பெருங்குடல் செல்லின் முக்கிய எரிபொருள் பியூட்டிரேட். நார்ச்சத்தையும் செரிக்காத மாவுச்சத்தையும் நல்ல பாக்டீரியா நொதிக்க வைக்கும்போது கிடைப்பது அது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் பழைய சோற்றை இந்த நோய்க்காக ஆராய எடுத்துக்கொண்டதற்குப் பின்னால் உள்ள எண்ணமும் இதுதான். விருப்பமுள்ளவர் சாப்பிடலாம். காய்ச்சி ஆறவைத்த நீரில் ஊறவையுங்கள், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்தில் இருப்பவர் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். மருந்துக்கு மாற்றாக வைக்க வேண்டாம்.

மஞ்சள் பற்றியும் கேட்பார்கள். மெசலமினோடு நாளுக்கு 3 கிராம் குர்குமின் சேர்த்துக் கொடுத்த சிறிய ஆய்வில் லேசான கொலைட்டிஸுக்குப் பலன் தெரிந்தது உண்மை. மஞ்சள்தூளில் குர்குமின் 3 சதவீதம் அளவுதான். 3 கிராம் குர்குமினுக்கு 100 கிராம் தூள் வேண்டும், குழம்பில் போடும் அரை ஸ்பூன் எங்கே போய் நிற்கும்? கேப்சூலாக எடுத்த சிலருக்குக் கல்லீரல் பாதித்திருக்கிறது, அதனால் சொல்லாமல் எடுக்காதீர்கள்.

இரும்புச்சத்து மாத்திரை தீவிர நோயில் சரியாக உறிஞ்சப்படாது, வயிற்றையும் கலக்கும். ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே என்றால் நரம்பு வழி ஏற்றுவதே முறை. அழற்சி இருக்கும்போது, உடலின் இரும்பு இருப்பைச் சொல்லும் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும். 100 வரை இருந்தாலும் பற்றாக்குறை இருக்கலாம். சிறுகுடலின் கடைக்கோடி புண்ணானவர், வெட்டி எடுத்தவர் பி12 பார்க்க வேண்டும்.

விலக்க வேண்டியதில் முதலிடம் வலி மாத்திரைக்கு. முழங்கால் வலிக்கு டைக்ளோஃபினாக், அசெக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போடும்போது, புண்ணை மூட உதவும் புரோஸ்டகிளாண்டின் சுரப்பே அடைபடுகிறது. பாராசிட்டமால் போதும். பல் மருத்துவர், எலும்பு மருத்துவர் இருவரிடமும் உங்கள் நோயைச் சொல்லிவையுங்கள். கிரோன்ஸ் உள்ளவருக்கு அடுத்த எதிரி சிகரெட்.

நான்காம் படி: ஆறுகிறதா என்று அளப்பது

2021-ல் வெளியான, சிகிச்சையின் இலக்குகளை வகுக்கும் ஸ்டிரைட் 2 வழிமுறை வரிசையைச் சொல்கிறது: முதலில் அறிகுறி குறைய வேண்டும், பிறகு இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பியும் மலக் கால்புரொடெக்டினும் இறங்க வேண்டும், இறுதியில் கேமராவில் புண் மறைய வேண்டும்.

கால்புரொடெக்டின் வெள்ளணுக்களிலிருந்து குடலுக்குள் கசியும் புரதம். பொதுவாக ஒரு கிராம் மலத்தில் 150 மைக்ரோகிராமுக்குக் கீழே நல்ல செய்தி, 250-க்கு மேல் அழற்சி உயிரோடு இருக்கிறது. மாதிரியைக் காலையின் முதல் மலத்தில் எடுங்கள், கழிவறை நீரில் விழாமல் காகிதத்தில் பிடியுங்கள், மாதவிடாய் நாட்களைத் தவிருங்கள், ஒவ்வொரு முறையும் ஒரே ஆய்வகத்தில் கொடுங்கள். வலி மாத்திரை எண்ணை ஏற்றிவிடும். ஒருமுறை கூடினால் உடனே மருந்தை மாற்றாமல் சில வாரத்தில் மறுபடி பார்ப்பார்கள். 2017-ல் வெளியான காம் ஆய்வில், அறிகுறியோடு இந்த எண்களையும் பார்த்து மருந்தை மாற்றிய குழுவில் 48-ஆம் வாரம் 46 சதவீதம் பேருக்குப் புண் ஆறியது. அறிகுறியை மட்டும் பார்த்த குழுவில் 30 சதவீதம்.

கொலனோஸ்கோபி கொலைட்டிஸுக்கு மருந்து தொடங்கி 3 முதல் 6 மாதத்தில், கிரோன்ஸுக்கு 6 முதல் 9 மாதத்தில். அறிக்கையில் மேயோ மதிப்பெண் தேடுங்கள்: 0 என்றால் இரத்தக் குழாய்க் கோடுகள் தெளிவாகத் தெரியும் உள்தோல், 1 லேசான சிவப்பு, 2 தொட்டால் கசிவு, சிறு அரிப்பு, 3 தானே கசியும் இரத்தம், புண். கிரோன்ஸில் சுவரின் ஆழமும் முக்கியம் என்பதால் எம்ஆர்ஐ அல்லது குடல் அல்ட்ராசவுண்ட் எடுக்கிறார்கள். சுவர் 3 மில்லிமீட்டருக்குள் இருந்தால் இயல்பு.

ஆறாதபோது

மருந்தை மாற்றும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். உண்மையிலேயே விடாமல் எடுத்தோமா? தொற்று சேர்ந்திருக்கிறதா, குறிப்பாக ஸ்டீராய்டுக்கு அடங்காத கொலைட்டிஸில் சிஎம்வி வைரஸ்? இரத்தத்தில் மருந்தின் அளவு போதுமா, எதிர்ப்புப் புரதம் வந்துவிட்டதா? மிஞ்சியிருப்பது அழற்சியா, தழும்புக் குறுக்கமா, அல்லது புண் ஆறியும் நீடிக்கும் ஐபிஎஸ் (அழற்சி இல்லாமலே வரும் வயிற்றுக் கோளாறு) தொல்லையா? கடைசி இரண்டுக்கும் அழற்சி மருந்தைக் கூட்டி என்ன பயன்?

காத்திருக்கக் கூடாத நிலை ஒன்று உண்டு. நாளுக்கு ஆறு அல்லது அதற்கு மேல் இரத்தத்தோடு போய், கூடவே நாடி 90-க்கு மேல், காய்ச்சல் 37.8 செல்சியஸுக்கு மேல், ஹீமோகுளோபின் 10.5-க்குக் கீழே, அழற்சியைக் காட்டும் இரத்தச் சோதனையான ஈஎஸ்ஆர் 30-க்கு மேல் இவற்றில் ஒன்று இருந்தாலும் தீவிரக் கொலைட்டிஸ். ட்ரூலவும் விட்ஸும் 1955-ல் வகுத்த இந்த அளவுகோல் இன்றும் செல்லும். அன்றே மருத்துவமனையில் சேர வேண்டும். நரம்பு வழி ஸ்டீராய்டு கொடுத்து மூன்றாம் நாள் கணக்குப் பார்ப்பார்கள். அடங்கவில்லை என்றால் இன்ஃப்லிக்சிமாப் அல்லது சைக்ளோஸ்போரின், அதற்கும் அடங்காவிட்டால் அறுவை. பேதியை நிறுத்தும் லோப்பெரமைடை இந்த நிலையில் தொடாதீர்கள், பெருங்குடல் ஊதி வெடிக்கும் அபாயம் உண்டு.

ஆசனவாய்ப் பக்கம் வரும் ஃபிஸ்டுலா, அதாவது குடலிலிருந்து வெளித்தோலுக்குத் திறக்கும் பாதை, தனிக் கதை. வெளித்துளை மூடினால் ஆறிவிட்டது என்று நினைக்கத் தோன்றும். உள்ளே பாதை திறந்திருந்தால் சீழ் தேங்கி மறுபடி கட்டியாகும். அதனால்தான் அறுவை மருத்துவர் சீடன் என்ற நூலைக் கோத்து வேண்டுமென்றே திறந்து வைக்கிறார், சீழ் வடியட்டும் என்று. நூலைக் கண்டு எரிச்சல்பட்டுத் தாங்களாகவே அவிழ்த்துவிட வேண்டாம். உள்பாதை ஆறியதை எம்ஆர்ஐயில்தான் பார்க்க முடியும், அது வெளித்துளை மூடியபின் மாதக்கணக்கில் பின்தங்கியே வரும்.

அறுவை தேவைப்பட்டால் முன்கூட்டி எடையையும் புரதத்தையும் தேற்றி, ப்ரெட்னிசலோனை 20 மில்லிகிராமுக்குக் கீழே கொண்டுவந்தால் தையல் பிரியும் அபாயம் குறையும். கிரோன்ஸில் வெட்டி இணைத்த இடத்துக்குச் சற்று மேலேயே நோய் மறுபடி தொடங்குவது வழக்கம், அறிகுறி எதுவும் இல்லாமலே. எனவே அறுவைக்குப் பின் 6 முதல் 12 மாதத்துக்குள் கொலனோஸ்கோபிக்குத் தேதி வாங்கிக்கொண்டே மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புங்கள்.